பொய் சொல்லித்தான் நான் நானாக இருக்க முடியுமா?

வாசகியின் கடிதம்:

எனக்கு 44 வயது. அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கணவர் எலெக்ட்ரிக்கல் கடை நடத்துகிறார். மகன் கல்லூரியில், மகள் பிளஸ் டூ. மாமியார் எங்களோடு இருக்கிறார். வெளியே இருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அவருக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்தால் மூன்று நாள், நான்கு நாள் பேசாமல் இருப்பார். அதை மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவேன், பல தடவை எதற்கென்றே தெரியாமல்.

கல்யாணமான நாளிலிருந்து என் ஏடிஎம் கார்டு அவரிடம்தான். சம்பளம் ஏறிய மெசேஜும் அவர் போனுக்குத்தான் போகும். கேட்டால் பணம் தருவார். கேட்க வேண்டியிருக்கிறது. மாமியாருக்கு ராத்திரி கால் பிடித்துவிடுவேன், அது எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை. ஆனால் சொந்தக்காரர் விசேஷம் ஒன்றுவிடாமல் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பது பாரமாக இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் தலைவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, நார்மல் என்றார்கள்.

போன மாதம் ஹோட்டலில் சப்ளையர் "உங்களுக்கு என்னங்க மேடம்?" என்றார். "இவங்க சாப்பிடறதே எனக்கும்" என்றேன். அவர் போன பிறகுதான் உறைத்தது, எனக்கு என்ன வேண்டுமென்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அரைநாள் சி.எல். போட்டுவிட்டு, வீட்டில் ஆடிட் என்று சொல்லிவிட்டு, மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். படம் சுமார்தான். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் நான் நானாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் குற்ற உணர்ச்சியில் சாப்பாடே இறங்கவில்லை.

தப்பான கோப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலதிகாரியிடமே சொன்னவள் நான். வீட்டில் வாய் திறப்பதில்லை. அம்மா வீட்டுக்குப் போனால் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறேன். இதில் எது நான்? பொய் சொல்லித்தான் நான் நானாக இருக்க முடியுமா? இதையெல்லாம் மகளிடம் சொல்லலாமா?

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். ஊர், அலுவலகம் பற்றிய விவரங்களை எடுத்துவிட்டேன். மற்றபடி உங்கள் வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன.

பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதேசமயம் அந்தப் பொய்க்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். ஒரு படம் பார்க்கப் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு 44 வயதுப் பெண், சம்பாதிக்கிறவர், எப்படி வந்து சேர்ந்தார் என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். "தனியாகப் படத்துக்குப் போகாதே" என்று உங்கள் கணவர் சொன்னதாக அதில் எங்கேயும் இல்லை. நீங்கள் கேட்டதாகவும் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே தீர்மானித்து, பதிலையும் நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருபது வருடத்து மூன்று நாள் மௌனங்கள் எவருக்கும் இந்தப் பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். எதைச் சொன்னால் அவர் முகம் மாறும் என்று மனம் முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஆசையை வாய் வரைக்கும் வரவிடாமலே அமுக்கிவிடுகிறது. கொஞ்ச காலத்தில் மனதுக்குள்ளேகூட அது எழுவதில்லை. ஹோட்டலில் என்ன வேண்டும் என்று தெரியாமல் போனது அதனால்தான். உங்களுக்கு ரசனை இல்லாமல் போய்விடவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டானா ஜாக், மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் விரிவாகப் பேசி 1991இல் எழுதியது இதைப் பற்றித்தான்: உறவு முறிந்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும் பெண், வெளியே அமைதியாகவும் உள்ளே கோபமாகவும் இரண்டாகப் பிரிந்து வாழ்கிறாள். அந்தப் பிளவுதான் சோர்வாக வெளிப்படுகிறது என்றார் அவர்.

எது நான் என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றும் நீங்கள்தான். அலுவலகத்தில் ஒரு மாதிரி, அம்மா வீட்டில் ஒரு மாதிரி இருப்பது நோயில்லை, நடிப்பும் இல்லை. அம்மா மடியில் சின்னப்பிள்ளையாவது எவ்வளவு நல்ல விஷயம்! டொனால்டு வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், பிறகு உளப்பகுப்பாய்வாளர் ஆனவர், 1960இல் எழுதிய கட்டுரையில் உண்மையான சுயம், பொய்யான சுயம் என்று இரண்டைப் பிரித்தார். பிறருக்காக அணியும் முகம் எல்லோருக்கும் உண்டு, நாகரிகமாகப் பழகுவதற்கே அது தேவை என்றும் சொன்னார். அந்த முகம் உள்ளே இருப்பதைப் பாதுகாக்கும் வரை அது நமக்குத் துணை. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதையே மறக்கடிக்கும் அளவுக்குப் போனால்தான் வாழ்க்கை வெறுமையாகத் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் வீட்டில் அது அந்தக் கட்டத்தை நெருங்கியிருக்கிறது. நெருங்கியதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அதுவே பெரிய ஆறுதல்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு, நம் குடும்பத்துக்குச் சரிவருமா" என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். என்னிடம் வருகிற பலருக்கும் உண்டு. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவரும் மனிதருக்குத் தன்விருப்பம் எவ்வளவு முக்கியம் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். தன்விருப்பத்துக்கு எதிர்ச்சொல் சார்ந்திருத்தல் என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டாயத்துக்கு ஆட்படுவதைத்தான் சொன்னார்கள். ரயனும் மற்றவர்களும் தென்கொரியா, துருக்கி, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாலு நாடுகளில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தோடு ஒட்டி வாழ்கிற சமூகமோ தனித்து வாழ்கிற சமூகமோ, செய்வதை மனதார ஏற்றுச் செய்கிறவர்களே நிம்மதியாக இருந்தார்கள். 2011இல் வந்த, உளவியலாளர் ஜோன் மில்லர் குழுவின் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. குடும்பத்துக்கோ நண்பருக்கோ கடமையாக ஓர் உதவியைச் செய்யும்போது இந்தியர்கள் அதைத் தாங்களே தேர்ந்தெடுத்ததாக, மகிழ்ச்சியானதாக உணர்ந்தார்கள். அமெரிக்கர்களுக்கோ, கடமை என்று வந்துவிட்டாலே அந்தச் சுதந்திர உணர்வு குறைந்தது. ஆக, கடமையும் சுதந்திரமும் நம் ஊரில் பிறவிப் பகையாளிகள் அல்ல.

உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவது பாரமே இல்லை என்கிறீர்கள். அந்த வேலையில் நீங்கள் முழு சுதந்திரமானவர். விசேஷ வீட்டில் பட்டுப்புடவை கட்டி, விருந்து சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு நிற்கும்போது இல்லை. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு முதலாவது அடிமை வேலையாகத் தெரியும், இரண்டாவது சந்தோஷமாகத் தெரியும். ஆகவே உங்கள் வாழ்க்கையில் எங்கே கட்டு இருக்கிறது என்பதை நான் சொல்ல முடியாது, பெண் விடுதலை பற்றிப் பேசும் உங்கள் தோழி சொல்ல முடியாது, உங்கள் கணவரும் சொல்ல முடியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை தருகிறேன். கைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும் வீட்டில் எதற்கெல்லாம் "சரி" சொன்னீர்கள் என்று இரண்டு மூன்றை மட்டும் குறியுங்கள். பக்கத்தில் ஒரு எழுத்து போதும்: பிடித்துச் சொன்னதற்கு "பி", பிடிக்காவிட்டாலும் இது என் பொறுப்பு என்று ஏற்றுச் சொன்னதற்கு "பொ", பயத்தில் சொன்னதற்கு "ப". அடுத்த நாள் மாற்றக்கூடாது. இரண்டு வாரம் முடிந்ததும் முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். "ப" போட்டவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் "மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று எழுதுங்கள். சிலவற்றில் ஒன்றுமே ஆகியிருக்காது. சிலவற்றில் "பேசாமல் இருப்பார்" என்று வரும். இந்த நோட்டை வீட்டில் வைக்காதீர்கள், அலுவலக மேசை இழுப்பறையில் வையுங்கள். அதை ஒளிப்பது பொய்யாகாது. மனதில் பாதி வெந்த நினைப்பை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பிடித்தது எது என்று தெரியவில்லை என்பதற்கும் ஒரு வார்த்தை. உள்ளே எங்கோ உங்கள் அசல் ஆசைகள் பட்டியலாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, தோண்டினால் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்து யோசித்து யாரும் அதைக் கண்டடைந்ததில்லை. தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத்தான் ரசனை வளரும். அடுத்த முறை ஹோட்டலில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். தப்பான தேர்வாகப் போனால் போகட்டும், "அடுத்த தடவை இது வேண்டாம்" என்பதும் தெரிந்துகொண்டதுதானே. அந்தப் படம் சுமார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்காமல் நீங்களாகவே ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

இனி ஏடிஎம் கார்டு. மனநல ஆலோசகர் எதற்குப் பணத்தைப் பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் மிகக் குறைவாக எழுதியிருப்பது அதைப் பற்றித்தான், எனக்கு மிக முக்கியமாகத் தெரிவதும் அதுதான். ஒரு மாலை ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், தியானமோ சுயமுன்னேற்றப் பேச்சோ அந்த மனதை விடுவிக்காது. 2021இல் தமிழ்நாட்டில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, "எங்கே போறே, எவ்வளவு வேணும்?" என்ற கேள்வியைத் தாண்டாமல் வெளியே போய்வர முடிகிறது என்று என்னிடம் வந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மிச்சமான காசைவிட அந்தக் கேள்வி இல்லாமல் போனதைத்தான் அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது கஷ்டமான காரியமில்லை. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கு ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துப்போய், கணக்கில் பதிவாகியிருக்கும் போன் நம்பரை உங்கள் நம்பருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். ஆனால் கிளைக்குப் போவதற்கு முன்பு வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மெசேஜ் நின்ற பிறகு அவருக்குத் தெரிய வந்தால் அது இன்னொரு ஒளிவுமறைவு ஆகிவிடும். வீட்டுக் கடன் தவணையோ மகனின் ஃபீஸோ அந்தக் கணக்கிலிருந்து போனால் அது அப்படியே போகட்டும். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், அந்தத் தொகையை மாதாமாதம் அவர் கணக்குக்கே மாற்றிவிடுங்கள். கார்டு உங்கள் பையில் இருக்க வேண்டும், ரகசிய எண் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். வங்கிகள் வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்பார். அநேகமாக அந்த வார்த்தையையே கேட்பார். "நம்பிக்கை இருக்குதுங்க. நான் வாங்கற சம்பளம், மெசேஜ் எனக்கு வரோணும், அவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் நியாயங்களை அடுக்க வேண்டாம். நியாயம் கூடக்கூட அது மனுவாகிவிடும், அவர் அதைப் பரிசீலிக்கிற அதிகாரியாகிவிடுவார். அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதே தொனியில்தான் அடுத்த படத்துக்கும் போக வேண்டும். "போகட்டுங்களா?" என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாக, அவர் கடையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் படத்துக்குப் போறேனுங்க. அஞ்சரைக்கு வந்துருவேன்" என்று தகவலாகச் சொல்லுங்கள். "யாரோட?" என்பார். "தனியாத்தானுங்க." "எல்லாரும் சேர்ந்து போலாமே?" என்றால், "அதுக்கு இன்னொரு நாள் போலாங்க, இதுக்கு நான் மட்டும்." மாமியார் ஒரு வார்த்தை சொல்லக்கூடும், "இந்த வயசுல என்ன புதுசா" என்று. அதற்குச் சிரித்துவிட்டு, "வந்து கதை சொல்றேனுங்க அத்தை" என்றால் போதும். அவரோடு உங்களுக்கு இருக்கும் பிரியம் இதைத் தாங்கும்.

பழைய பொய்யைச் சொல்லி அழுது மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பேன். ராத்திரி அழுதுகொண்டே ஒப்புக்கொண்டால் உங்கள் பாரம் இறங்கும், ஆனால் அவர் நீதிபதியாகிவிடுவார், தனியாகப் படம் பார்ப்பதே குற்றம் என்றும் ஆகிவிடும். இனிமேல் பொய் சொல்லாமல் போய்வருவதுதான் அதற்குப் பரிகாரம். நாலைந்து முறை வெளிப்படையாகப் போய்வந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அதையும் சொல்லிவிடலாம். அதற்கு முன் அவராகவே கேட்டால் மறைக்காதீர்கள். "ஆமாங்க, சொன்னா பேசாம இருப்பீங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன். தப்புதான்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் அவரும் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

அவருடைய மௌனத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை, அடிப்பதில்லை, ஆனாலும் எல்லோரும் ஒரே ஒருவர் மனநிலையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். இந்த மௌனம் இத்தனை வருடம் வேலை செய்ததற்குக் காரணம், அது ஒவ்வொரு முறையும் உங்கள் மன்னிப்பில் போய் முடிந்ததுதான். அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. கோபத்தை வார்த்தையாக்கத் தெரியாத ஆண்களைத்தான் நம் வீடுகள் பெரும்பாலும் வளர்க்கின்றன. அவருடைய அப்பாவும் இப்படித்தான் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருக்குத் தெரியாது என்பதற்காக விலையை நீங்களே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த முறை அவர் பேச்சை நிறுத்தினால், பின்னாலேயே போகாதீர்கள். அவருக்குப் பிடித்த குழம்பு வைத்துச் சமாதானப்படுத்தாதீர்கள். பிள்ளைகளைத் தூது அனுப்பாதீர்கள். பதிலுக்கு நீங்களும் பேசாமல் இருக்க வேண்டாம், அப்போது அது யார் முதலில் வாய் திறப்பது என்ற போட்டியாகிவிடும். வழக்கமாகப் பேசுங்கள். "சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா?" ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் எடுத்து மூடி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். "கோவமா இருக்கறீங்கன்னு தெரியுது. பேசோணும்னு தோணறப்ப சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கறேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். பிறகு அவருடைய மௌனம் அவருடையது.

முதல் தடவை மௌனம் வழக்கத்தைவிட நீளும். மூன்று நாள் ஐந்து நாளாகலாம். இது தோல்வி இல்லை. எப்போதும் பலித்துவந்த ஒன்று பலிக்காமல் போகும்போது மனிதர்கள் அதையே இன்னும் அழுத்திச் செய்து பார்ப்பார்கள். அந்த நாட்களில் உங்களுக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன என்று கால்கள் தாமாகவே நடக்கும். நாலாம் நாள் நீங்கள் விட்டுக்கொடுத்தால், நாலு நாள் மௌனம் பலிக்கும் என்று ஆகிவிடும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு நடக்கும் மாதத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

இவ்வளவு சொல்வதால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடத்துக் கணக்கை ஒரு தீபாவளியன்று சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் தீர்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி இருந்த லேசான மனம் மறுநாள் இருப்பதில்லை, பிறகு பல மாதம் அந்தப் பேச்சைச் சமாளிப்பதிலேயே போய்விடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம், ஒரே ஒருவரிடம். அதுவே போதுமான தைரியம்.

நேரத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி, அப்படிப்பட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். உங்கள் சோர்வில் ஒரு பெரும் பங்கு தத்துவப் பிரச்சினை இல்லை, பாத்திரப் பிரச்சினை. கல்லூரி போகும் மகன் சாப்பிட்ட தட்டைக் கழுவலாம், ஞாயிறு துணிகளை மெஷினில் போட்டு எடுத்துக் காயவைக்கலாம். "தம்பி, இனி ஞாயித்துக்கிழமை துணி உன் வேலை, சாமி" என்று சொல்லிவிட்டு, அவன் மறந்தால் துணி கிடக்கட்டும் என்று விடுங்கள். அவன் சரியாகச் செய்யவில்லை என்று எடுத்துத் திரும்பச் செய்யாதீர்கள். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் எல்லாம் பழையபடி ஆகிறது.

குற்ற உணர்ச்சி வரும். தப்புச் செய்தவர்களுக்கு மட்டும்தான் அது வரும் என்பதில்லை. பழக்கத்தை மீறுகிற எல்லோருக்கும் வரும். வாதம் செய்து அதை விரட்ட முடியாது. மூன்றாம், நாலாம் முறை போய்வரும்போது அதுவே மங்கிப்போகும். அப்போதும் குறையாமல் நிற்கிற குற்ற உணர்ச்சி இருந்தால் அதற்குக் காது கொடுங்கள், அது உங்கள் மனசாட்சி சொல்வதாக இருக்கலாம். ஆடிட் என்று சொன்னதற்காக உங்களுக்கு வந்தது அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். உங்களை உறுத்தியது படம் இல்லை, பொய்.

இத்தனைக்கும் நடுவே ரத்தப் பரிசோதனை ஒன்றையும் செய்துவிடுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதில் வரும் அசதியும் எதிலும் பிடிப்பின்மையும் மனப்பிரச்சினை போலவே தெரியும். 44 வயதில் மாதவிலக்கு மாற்றங்களும் சேர்ந்துகொள்ளும். தலைவலி பரிசோதனைகளுக்குப் பிறகும் தொடர்ந்தால், தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண் இது) எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

உங்கள் கணவர் கை நீட்டுகிறவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் மேலே இருப்பதெல்லாம் சொன்னேன். இதைப் படிக்கும் வேறு சகோதரிகள், அடியோ மிரட்டலோ இருக்கும் வீட்டில் இந்த வழியைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணுக்குரிய பணத்தைக் கொடுக்காமல் முடக்குவதையும் வன்முறையாகவே கருதுகிறது. முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் விஷயத்திலும், கார்டைக் கேட்டதும் கணவர் தரமுடியாது என்று பிடிவாதமாக நின்றால், மௌனம் மிரட்டலாக மாறினால், எனக்குத் திரும்ப எழுதுங்கள். அப்போது பேச வேண்டியது வேறு.

கடைசியாக மகள். சொல்லலாம், ஆனால் புகாராகச் சொல்லாதீர்கள். "உங்கப்பா என்னை இப்படி வெச்சிருக்கறார்" என்று ஆரம்பித்தால் அந்தப் பெண் இரண்டு பேருக்கும் நடுவில் சாட்சியாக நிற்க வேண்டிவரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சுமை கூடாது. "எனக்கு இதெல்லாம் லேட்டாத்தான் தெரிஞ்சுது கண்ணு, இப்பக் கத்துக்கிட்டு இருக்கறேன்" என்கிற அளவு போதும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படத்துக்குக் கிளம்புவதையும், அப்பா முகம் சுளித்தாலும் அம்மா சாதாரணமாக வந்து சாப்பாடு போடுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் நீங்களே வங்கிக்குக் கூட்டிப்போங்கள். அவள் பெயரில் கணக்குத் தொடங்கும்போது, படிவத்தில் போன் நம்பர் எழுதும் கட்டத்தில் அவளுடைய நம்பரை அவளையே எழுதச் சொல்லுங்கள்.